மூணாறின் பேரிடர் வரலாறு 2018-இல் தொடங்கவில்லை

மூணாறின் பேரிடர்களுக்கு ரிசார்ட் கட்டுவதைக் குறை சொல்லும் உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் 2018 வெள்ளத்தில் தொடங்கியதால் பெரிய ஒன்று விடுபட்டுவிட்டது. 1924 ஜூலையில், மலையாள நாட்காட்டியில் கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் 99 வெள்ளம் என்று சொல்லும் அந்தப் பேய்மழையில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளை பள்ளத்தாக்கு ரயில் பாதையே அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலை அங்கிருந்து ரோப்வேயில் போடிக்கு மேலே இருக்கும் கொட்டகுடிக்கு இறங்கும். அந்த ரயில் பாதையை மறுபடி போடவே இல்லை. இப்போது அங்கே போகிற டூரிஸ்டுகளில் எத்தனை பேருக்கு அது பெயரிலேயே ஸ்டேஷன் என்பது உறைக்கிறதோ!

அப்புறம் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பான பெட்டிமுடி, 2020 ஆகஸ்ட் 6 இரவு. கட்டுரையில் அதற்கு ஒரே வரிதானா? தூங்கிக்கொண்டிருந்த லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மீது மலை சரிந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கத்துச் சொந்தங்கள் நிறைய. கரண்ட் இல்லை, போன் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே சேதி தெரிந்தது. ரிசார்ட் கட்டுவதைக் குறை சொல்வது சரி, ஆனால் பெட்டிமுடியில் ஏது ரிசார்ட்? ஓடைக்கரையில் வரிசையாக லயம் கட்டிக் குடிவைத்ததைப் பற்றியும் எழுதுங்கள்.