பிடித்தால் மட்டும் காசாம்

ஒரு நிறுவனம் தனக்கு லோகோ வரையச் சொல்லிப் போட்டி வைத்திருக்கிறது. அந்தப் போஸ்டரில் நேற்றிலிருந்து இருபது பேராவது என்னை டேக் செய்துவிட்டீர்கள். அன்பில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் அதன் கடைசி வரியைப் படித்தீர்களா? பரிசு ஒருவருக்கு மட்டும், 5,000 ரூபாய். வந்து சேரும் எல்லா டிசைன்களும் நிறுவனத்துக்கே சொந்தம். தோற்றவன் உழைப்பையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். இது போட்டி இல்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது.

"இஷ்டம் இல்லன்னா விடு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் விட்டுவிட்டேன், சரி. நாளைக்கு என் வாடிக்கையாளர், "அங்க 300 டிசைன் 5,000 ரூபாய்க்கு வந்துச்சே, நீங்க ஒண்ணுக்கே 15,000 கேக்குறீங்க" என்று கேட்கும்போது இவரா வந்து பதில் சொல்வார்?

இன்னொருவர் ரூபாய் சின்னத்தை இழுத்திருக்கிறார். அதுவும் போட்டியில் வந்ததுதானே என்று. ஆமாம். 2010-ல் உதயகுமார் வென்றபோது, நம் தமிழ்நாட்டுக்காரர் என்று நானும் பூரித்துப்போனேன். பரிசு 2.5 லட்சம். ஆனால் அந்தப் போட்டிக்கு 3,000-க்கும் மேல் வடிவங்கள் வந்தன. அந்தப் பரிசை அத்தனை பேருக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு 85 ரூபாய்கூடத் தேறாது. அது நாட்டுக்கான சின்னம், வரைந்தவர் பெயராவது நின்றது. கடைக்காரரின் கேரி பேக்கில் யார் பெயர் நிற்கும்?

என் அப்பா போர்டு எழுதியவர். எனாமல் பெயிண்ட், தகரம், சாரம். ஃப்ளெக்ஸ் வந்து அவர் தொழிலைக் கொண்டுபோகும்வரை அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம். பெயிண்ட் வாங்கப் பாதிப் பணம் முன்னாலேயே வரும். நாலு பேரை எழுதச் சொல்லிவிட்டு, பிடித்த போர்டுக்கு மட்டும் காசு தருகிறேன் என்று எந்தக் கடைக்காரரும் அவரிடம் சொன்னதில்லை. என்னிடம் சொன்னார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கடைக்கு மூன்று சாம்பிள் கொடுத்தேன். "பிடிக்கல தம்பி" என்றார்கள். தீபாவளிக்கு அம்மா அந்தக் கடையிலிருந்து புடவை எடுத்து வந்தார். பையில் என் எழுத்து. அதே வளைவு, அதே மஞ்சள். அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. அப்பா மட்டும் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வீட்டில் உட்கார்ந்து வரைந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

புதுப் பசங்களுக்கு வாய்ப்பு என்கிறீர்களே, அந்தப் பசங்களில் ஒருவன்தான் நானும். வாய்ப்பு தர நினைத்தால் அவர்கள் செய்த பழைய வேலைகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிடித்தவரைக் கூப்பிட்டு, அட்வான்ஸ் கொடுத்து வேலையை ஆரம்பியுங்கள். அந்த 5,000 ரூபாயையே கொடுங்கள், பரவாயில்லை.

நேற்று ராத்திரி ஒரு காலேஜ் தம்பி இன்பாக்ஸில் வந்தான். ரெண்டு டிசைன் அனுப்பிட்டேன் அண்ணா, ஓப்பன் ஃபைலும் (யாரும் திருத்திக்கொள்ளக்கூடிய மூல ஃபைல்) கேட்டாங்க, கொடுத்துட்டேன் என்றான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. தம்பி, அனுப்பிய மெயிலை அழித்துவிடாதே.