வாழை எந்தப் பக்கம் சாய்ந்தது?

2011 மே 22-ல் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரைச் சிதைத்த டொர்னேடோ என்னும் சுழற்காற்று பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை அருமை. எச்சரிக்கை சைரன் கேட்டும் அங்கே பலர் உடனே ஒதுங்கவில்லை. நாமும் அப்படித்தானே, வாசலில் நின்று வானத்தைப் பார்ப்போம்.

மறுநாள் வானிலையாளர்கள் செய்யும் வேலைதான் எனக்குப் பிடித்தது. சேதத்தைப் பார்த்தே காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள். மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் சுழலாமல் ஒரே திசையில் வீசிய நேர்க்காற்று, குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தால் சுழற்காற்று.

சோழவந்தான் பக்கம் எங்கள் தோட்டத்தில், கோடைமழையோடு வந்த சூறைக்காற்றில் குலை தள்ளிய வாழை அத்தனையும் கிழக்கே தலைவைத்துப் படுத்துவிட்டது. கணக்கெடுக்க வந்தவர் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டார். திசையை நான்தான் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தேன், எதற்கென்று தெரியாமலேயே.