பிளக் வெளுத்தால் உடனே ஜெட்டை மாற்றாதீர்கள்

"ராஜ்தூத் 350-இல் ஒரு பிளக் கருப்பு, இன்னொன்று வெளுப்பு என்றால், வெளுத்த பக்கம் பெரிய மெயின் ஜெட் போட்டால் போதும்." சென்னை பைக் குழுக்களில் சுற்றும் இந்த வாட்ஸ்அப் தகவல் தவறு. ராஜ்தூத் 350 இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர் உள்ள டூ-ஸ்ட்ரோக் பைக். ஸ்பார்க் பிளக் வெளுத்தால், பொதுவாக அந்த சிலிண்டரில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள்.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைதான் மெயின் ஜெட். அதன் வேலை பெரும்பாலும் முக்கால் திராட்டிலுக்கு மேல்தான். அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியின் பிளக் நிறத்தை வைத்து அதைக் கணிக்கவே முடியாது.

முதலில், இஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டர் வாயிலும் விரலை வைத்தபடி திராட்டிலை மெல்லத் திருப்புங்கள். உள்ளே காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடுகள் ஒன்றாக எழ வேண்டும். பிறகு ஃப்ளோட் மட்டம், அதாவது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் அளவு. சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட் (தீப்பொறியைத் தூண்டும் சுவிட்ச்) என்பதால் தீப்பொறி டைமிங்கும் தனித்தனியே பார்க்கணும்.

வெளுத்தது இடப்பக்கம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் கிராங்க் ஷாஃப்ட் முனையை அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீல் மேல்தான். அது தேய்ந்தால் காற்று உள்ளே போகும். வலப்பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். பிளக் பிசுபிசுவென்று கறுக்கும், சைலன்சர் புகை கக்கும். தயவுசெய்து, புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் ஜெட் தேடும் முன் மெக்கானிக்கிடம் லீக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பெரிய ஜெட் கசிவை அடைக்காது. பாதித் திராட்டிலில் பிஸ்டன் சூட்டில் இறுகி சீஸ் ஆகும் ஆபத்து அப்படியே இருக்கும்.