கோர்டு என்றால் சுரைக்காய் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

காய்கறிக் கடை விலைப்பலகையில் ஆங்கிலத்தில் 'ஸ்நேக் கார்டு', 'பிட்டர் கார்டு' என்று எழுதியிருப்பதைப் பார்க்காதவர்கள் நம்ம பக்கம் குறைவு. ஜி, யூ, ஏ, ஆர், டி. கார்டு என்றால் காவலாள். பாம்புக் காவலாள் கிலோ இவ்வளவு, கசப்புக் காவலாள் கிலோ அவ்வளவு! எழுதியவரைச் சொல்லிக் குற்றமில்லை, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். எனக்கு வருத்தமெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சொற்பட்டியல் மேல்தான். அதில் எழுத்துப்பிழை இருக்காது. 'கோர்டு – சுரைக்காய்' என்று சுத்தமாக அச்சாகியிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதான்.

முதலில் எழுத்து: ஜி, ஓ, யூ, ஆர், டி. நடுவில் ஓ-யூ இருக்கிறதே என்று 'கௌர்டு' ஆக்க வேண்டாம். 'போர்டு' சொல்லும் வாயோடு 'கோர்டு' என்றால் சரி.

இனி பொருள். கோர்டு ஒரு காயின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர். சுரை, புடலை, பீர்க்கு, பாகல், கோவை, சாம்பல் பூசணி எல்லாம் அதில் அடக்கம். எந்தக் காய் என்று சொல்வது முன்னால் வரும் சொல். அந்த முன்சொல்லைக் காயைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் மறக்கவே மறக்காது. பீர்க்கங்காயைத் திருப்பிப் பாருங்கள், காம்பிலிருந்து நுனி வரை பத்து வரம்பு ஓடும். 'ரிட்ஜ்' என்றால் வரப்பு. வயல் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். புடலை பாம்பு மாதிரி என்பதால் ஸ்நேக். பந்தலில் அதன் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதே அந்தப் பாம்பு சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்கத்தான். சுரை பாட்டில், பாகல் பிட்டர். கோவை ஐவி கோர்டு. ஐவி என்பது அங்கே சுவரில் படரும் ஒரு கொடி. வெள்ளரி இதே குடும்பம்தான், ஆனாலும் அதற்கு கோர்டு பட்டம் கிடையாது. ஏன் என்று கேட்டால் வழக்கம், அவ்வளவுதான்.

முன்சொல் இல்லாமல் வெறும் கோர்டு என்று வந்தால்? பெரும்பாலும் அது சமையலுக்கு ஆகாது. முற்றிக் காய்ந்து, தோல் ஓடாகி, ஆட்டினால் விதை கலகலக்கும் குடுக்கையைத்தான் ஆங்கிலம் அப்படிச் சொல்லும். நமக்குக் காய் வேறு, குடுக்கை வேறு. அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். தஞ்சாவூர் வீணையைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தால் கோர்டு வரும். குடம் பலாமரம், மறுமுனையில் தாங்கலாக மாட்டியிருப்பது சுரைக்குடுக்கை. (இப்போது காகிதக்கூழிலோ ஃபைபரிலோ செய்து மாட்டுவதும் உண்டு.) அந்த இடத்தில் 'சுரைக்காய்' என்று மொழிபெயர்த்தால் வீணையில் கூட்டு வைத்த கதைதான். மகுடியின் குடுக்கையும் கோர்டுதான், நீச்சல் பழக முதுகில் கட்டும் குடுக்கையும் கோர்டுதான். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் அக்டோபர் மாதம் கடையில் போய் வெறும் கோர்டு கேட்டால், வாசலில் அழகுக்கு வைக்கும் புள்ளிபோட்ட குட்டிக் காய்களைக் காட்டுவார்கள். அதைப் பொரியல் செய்ய முடியாது.

பெரிய குழப்பம் பூசணியில். டெல்டாவில் நமக்குப் பரங்கி வேறு, பூசணி வேறு. மஞ்சள் சதை உள்ளது பரங்கி, வெள்ளைச் சதை உள்ளது பூசணி. வேறு பல ஊர்களில் மஞ்சளையும் பூசணி என்றே சொல்வார்கள். சொற்பட்டியல் போடுகிறவர் அந்த வழக்கில் 'பம்ப்கின் – பூசணி' என்று எழுதிவிடுகிறார். கும்பகோணத்துப் பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தன் வீட்டு வெள்ளைப் பூசணியைப் பம்ப்கின் என்று நம்பிக்கொள்கிறது. நமக்கான கணக்கு இது: பரங்கி பம்ப்கின், பூசணி ஆஷ் கோர்டு. திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு வைக்கும் வீட்டில் இரண்டும் ஒரே பாத்திரத்தில் விழும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தச் செய்முறையை ஆங்கிலத்தில் எழுதவே முடியாது.

ஆஷ் என்றால் சாம்பல். முற்றிய பூசணித் தோலை விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும், தோலில் பச்சைக் கோடு விழும். அந்த நீறுதான் ஆஷ். அது உண்மையில் மெழுகு, அதனால் வேக்ஸ் கோர்டு என்றும் பெயர். வெளிநாட்டுச் சீனக் கடைகளில் வின்டர் மெலன் என்று எழுதியிருப்பதும் இதே காய்தான். பரங்கி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தது. பரங்கிப்பேட்டையில் இருக்கும் அதே பரங்கிதான் காயின் பெயரிலும்.

பெயர் மாறினால் அடுப்பில் என்ன ஆகும் என்பதற்குக் காசி அல்வா போதும். வெண்பூசணி கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். துருவி, துணியில் பிழிந்து, பிழிந்த துருவல் 2 கப் என்றால் சர்க்கரை 1 கப். பிழிந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே துருவலை வேகவைத்து, துருவல் கண்ணாடி மாதிரி ஆனபிறகுதான் சர்க்கரை போட வேண்டும். முன்னால் போட்டால் துருவல் வேகாமல் நறுக் நறுக்கென்று நிற்கும். ஆங்கிலக் குறிப்பில் பம்ப்கின் என்று பார்த்துப் பரங்கியில் இதைச் செய்தால், பிழிய அவ்வளவு தண்ணீர் வராது, சீக்கிரம் குழைந்துவிடும், பரங்கிக்கே உள்ள இனிப்பு சேர்ந்து திகட்டும். தின்னலாம், ஆனால் அது காசி அல்வா இல்லை.

கோர்டு என்ற சொல் லத்தீன் 'குக்குர்பிட்டா'விலிருந்து பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. இந்தக் குடும்பத்துக் காய்களில் வரும் கசப்புப் பொருளுக்கும் அதே வேரில் குக்குர்பிட்டேசின் என்று பெயர். பாகலின் கசப்பு வேறு, அது இயல்பு. சுரைக்காய் கசந்தால்தான் வம்பு. நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். வேகவைத்தாலும் அது போகாது, புளியும் வெல்லமும் மறைக்குமே தவிர முறிக்காது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ரத்தம் வரை போகும். 'பாட்டில் கோர்டு ஜூஸ்' என்று காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறவர்கள் அரைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு காயிலும் தனித்தனியாக ஒரு துண்டு கடித்துப் பார்க்க வேண்டும். ஒரே கொடியில் பறித்த காய்தானே என்று விட்டுவிடக் கூடாது.