முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் தானாக ஓடுகிற வேகம்) ஏறிப்போச்சு என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மெக்கானிக் முதலில் என்ன செய்கிறார்? பானட்டைத் தூக்குகிறார், அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவைத் தேடிப் பிடிக்கிறார், திருகுகிறார், "ஆச்சு சார், ஓட்டிப் பாருங்க" என்கிறார். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி மறுபடி தானாக ரேஸ் ஆகிறது.

என்னுடையது மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், எஸ்யூ கம்பெனி வகை கார்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற சாமான்). சூடான பிறகு 700, 800 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) அடங்க வேண்டியது 1800-ல் நின்று கத்துகிறது. சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து "அண்ணே, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க" என்கிறார். கால் பிரேக்கில் இருக்கிறது ஐயா! முதல் கியரில் கிளட்சை விட்டால் முன்னால் நிற்கிற வண்டியின் டிக்கியைத் தேடி ஓடுகிறது. மைலேஜைப் பற்றிப் பேசப்போவதில்லை, அது இந்த வண்டியில் என்றைக்குமே பேசுகிற விஷயமாக இருந்ததில்லை.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் வருவது "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்ற பதிலைக் கேட்கும்போதுதான். ஏன் அப்படித்தான்? இந்த எஞ்சினில் சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான். ஐடிலிங் ஏறுகிறது என்றால் போகக் கூடாத காற்று எங்கோ ஒரு வழியாக உள்ளே போகிறது, இல்லையென்றால் டைமிங், அதாவது ஸ்பார்க் விழுகிற நேரம், முன்னால் போயிருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்கக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை.

ஸ்லோ ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கார்பரேட்டரில் காற்று போகிற வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் தகடு சரியாக மூடினால் எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் அப்படியே கத்தினால் தகடு மூடவில்லை, அல்லது தகட்டைத் தாண்டி காற்று இழுக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஸ்க்ரூவைத் திருகி என்ன ஆகப்போகிறது? ஆக்ஸிலேட்டர் கம்பி எங்காவது உரசுகிறதா, ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்க்கலாம். சோக்கை (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கிற பிடி) முழுக்க உள்ளே தள்ளியும் அதோடு அசைகிற கேம் ஃபாஸ்ட் ஐடில் ஸ்க்ரூவைத் தொட்டுக்கொண்டே இருந்தால் த்ராட்டில் கொஞ்சம் திறந்தேதான் நிற்கும், அங்கே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஆனால் டீதான் குடிக்கிறார்கள்.

அப்புறம் ஒருவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. ஏர் இழுக்கிறதா என்று பார்க்கிறேன் என்று, ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினில் பாட்டிலில் இருந்து பெட்ரோலை எடுத்து கார்பரேட்டர் அடியில் தெளிக்கப் போனார்! இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகிற இன்டேக்கும் புகை வெளியே போகிற எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்பரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகைக் குழாய்) கொதித்துக்கொண்டிருக்கிறது. நல்ல வேளை, கையைப் பிடித்தேன். கார்பரேட்டர் எஞ்சினோடு பேக்கிங் வைத்துச் சேருகிற இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே போதும், ஓட்டை இருந்தால் சத்தம் மாறும். பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதியை லேசாக்குகிற சாமான்) இருக்கிற வண்டியானால் அதற்குப் போகிற வேக்குவம் ஹோஸை இறுக்கிப் பிடித்துப் பார்க்கலாம். தீப்பெட்டி வேலை எதற்கு?

இன்னொருவர் கார்பரேட்டர் தலையில் ஆயில் ஊற்றுகிற டாஷ்பாட் மூடியைத் திறந்து, "ஆயில் கம்மியா இருக்கு சார், அதான்" என்றார். அந்த ஆயில் வேகம் எடுக்கும்போது கார்பரேட்டருக்குள் இருக்கிற பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுப்பதற்கு. அது முழுக்க வற்றிப்போனாலும் ஐடிலிங் 1800-க்குப் போகாது. சொன்னால், "நீங்களே மெக்கானிக் ஆகிடுங்க" என்று கோபம் வேறு. கடைசியில் எல்லாரும் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்: புது கார்பரேட்டர் போட்டுடலாம் சார். பழையதில் என்ன கோளாறு என்று கேட்டால் பதில் இல்லை.

கோளாறு இருந்தது த்ராட்டில் ஸ்பிண்டிலில், அதாவது அந்தத் தகட்டைத் தாங்கிச் சுற்றுகிற தண்டில். விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது. வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி கார்பரேட்டர் பாடியில் இருக்கிற துளை அகன்றுபோய், அந்தச் சந்து வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. இது எஸ்யூவில் ஊரறிந்த தேய்மானம். போதாததற்கு முன்பு யாரோ கழற்றி மாட்டியபோது தகட்டை நடுவில் உட்கார வைக்காமலே அதன் இரண்டு ஸ்க்ரூக்களையும் இறுக்கிவிட்டார்கள், அதனால் ஒரு ஓரம் மூடவே இல்லை. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி புஷ் (உள்ளே பொருந்துகிற சின்ன வளையம்) அடித்து, புது ஸ்பிண்டில் போட்டு, தகட்டை மூடி மூடித் திறந்து நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினார் ஒரு பெரியவர். புது கார்பரேட்டருக்குச் சொன்ன விலையில் பக்கத்தில்கூட வரவில்லை அவர் வாங்கிய கூலி.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கே நிற்கவில்லை, இடித்து இடித்து ஆஃப் ஆகிறது. ஸ்பார்க் நேரத்தைக் காட்டுகிற டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தால், ஸ்பார்க்கைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டரை ஏகத்துக்குப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறார்கள். டைமிங்கைப் பின்னால் தள்ளினால் ஆர்பிஎம் இறங்கும்தான், ஆனால் பிக்கப் போகும், எஞ்சின் சூடாகும், பெட்ரோல் குடிக்கும். இந்தக் கோடையில் மேடு ஏறும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் ஏறியதற்கு ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவச் சொல்லி அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்களே! டிஸ்ட்ரிப்யூட்டரைத் தொட்டது யார் என்று ஒவ்வொரு பட்டறையாகப் போய்க் கேட்டேன். "நாங்க ஸ்க்ரூவை மட்டும்தான் சார் திருகினோம்" என்கிறார்கள் அத்தனை பேரும்.