இருபது ஆண்டு நடந்தால் தடம் அரசுடையதாகுமா?

காங்கேயம் பக்கத்து இட்டேரிகளை (காடுகளுக்கு நடுவே வேலியிட்டுச் செல்லும் தடங்களை) பற்றிய இந்த உரையாடலில், ஒருவருடைய பட்டா நிலத்தின் வழியாக ஊரார் 20 ஆண்டுகள் நடந்துவிட்டால் அந்தத் தடம் தானாகவே அரசின் பொதுப்பாதையாகிவிடும் என்று சொல்லப்பட்டு, அது பலராலும் பகிரப்படுகிறது. அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

20 ஆண்டு என்னும் கணக்கு 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (பிறர் நிலத்தில் வழி போன்ற வசதிகளைப் பெறும் உரிமை பற்றியது), 15ஆம் பிரிவிலிருந்து வருகிறது. வெளிப்படையாகவும் அமைதியாகவும் இடைவிடாமலும், உரிமை என்ற முறையிலேயே, 20 ஆண்டுகள் ஒரு வழியைப் பயன்படுத்தியவருக்கு அதில் செல்லும் உரிமை கிடைக்கலாம் என்பதே அதன் சாரம். நிலமோ பட்டாவோ அரசுக்கு மாறுவதில்லை. வழக்கு எழுந்தால், அந்த 20 ஆண்டுகள் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்தவையாக இருக்க வேண்டும். நிலத்தின் உரிமையாளர் "போய்க்கொள்ளுங்கள்" என்று அனுமதித்ததால் நடந்த காலம் இதில் சேராது. நம் ஊர்களில் பெரும்பாலான தடங்கள் அப்படிப்பட்ட இசைவில்தான் ஓடுகின்றன என்பது என் கணிப்பு.

ஒரு தடம் அரசுப் பதிவில் பாதையா என்று அறிய, தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்து 'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணின் நில வகையைக் காட்டும் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்க்கலாம். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அது ஏற்கெனவே அரசு நிலம்; அதற்கு 20 ஆண்டுக் கணக்கே தேவையில்லை. சட்டத்தின் 15ஆம் பிரிவை மத்திய அரசின் சட்டத் தொகுப்புத் தளத்தில் கட்டணமின்றி எவரும் படிக்கலாம்.