ஒரு போயா விடுமுறைக்கு நான் தரும் விளக்கம்

போயா (பௌர்ணமி) விடுமுறையில் தொண்டுக்கு வராமல் கடற்கரைக்குப் போன ஒருத்தியைக் குத்திக்காட்டி எங்கள் தொண்டர் குழுவின் அண்ணா ஒருவர் முகநூலில் எழுதிய பதிவை உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதன் திரைப்பிடிப்பை நான் இங்கே மறுபடி போடவில்லை. அதில் என் பெயர் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் போயா தினத்தன்று மாலை கொழும்பின் காலிமுகத்திடல் கடற்கரையில் இசோ வடையோடு (இறால் வடை) படம் எடுத்துப் போட்ட, முதுமாணி (முதுகலைப் பட்டம்) படிக்கின்ற, எங்கள் தொண்டர் குழுவைச் சேர்ந்த பெண் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. "பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நேரமில்லை, காற்று வாங்க மட்டும் நேரமிருக்கிறது" என்று எழுதிய அண்ணாவுக்கும், அதற்கு விருப்பக்குறி இட்டு மகிழ்ந்தவர்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்டு செய்கிறவர் ஓய்வெடுத்தால் அவர் யாருடைய நேரத்தையும் களவெடுத்துவிடவில்லை.

என் வாரத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலை நாட்களில் பம்பலப்பிட்டியில் அலுவலகம். புதன்கிழமைகளில் வேலை முடிந்த கையோடு 155ஆம் இலக்கப் பேருந்தில் நெரிபட்டு மட்டக்குளிக்குப் போய், சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சனியும் ஞாயிறும் முதுமாணி விரிவுரைகள். வார இறுதியில் மட்டும் நடப்பதால் அது ஒரு பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ஆய்வுடன் கூடிய முதுமாணிக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கிட்டால் 3000 மணித்தியாலம் வருகிறது. விரிவுரை மண்டபத்தில் கழிவது அதில் ஒரு பங்குதான். வாசிப்பும் ஒப்படைகளும் ஆய்வேடும் என் நித்திரையிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. இதற்கெல்லாம் பிறகு மிஞ்சுகிற நேரம் என்னுடையது, அதில் ஒரு பகுதியை நானாக விரும்பிக் கொடுக்கிறேன். நானாகக் கொடுப்பதை வரவுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, வராத நாளுக்கு விளக்கம் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

"இலவசக் கல்வியில் படித்தவள், சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கேட்டும்விட்டீர்கள், பின்னூட்டங்களில் அதிகம் இருந்தது அதுதான். 1945இலிருந்து இந்த நாட்டில் இருக்கும் இலவசக் கல்விக்கு நான் கடன்பட்டவள் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பாடசாலையிலும் முதல் பட்டத்திலும் விரிவுரைக்கென்று ஒரு சதமும் கட்டாமல் படித்தவள் நான். அந்த நன்றி இல்லாவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு மட்டக்குளிச் சந்தியில் பேருந்துக்குக் காத்து நின்றிருக்க மாட்டேன். ஆனால் முதுமாணி இலவசமில்லை என்பதை இந்த நியாயவாதிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டணத்தை என் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதற்காக இந்த வருடத் தீபாவளிக்குப் புதுச்சேலையும் எடுக்கவில்லை. (சேலைக் கதை இங்கே எதற்கு என்று கேட்காதீர்கள், கணக்குக் கேட்டவர்கள் முழுக் கணக்கையும் கேட்கட்டும்.) அப்படியே கடன் என்று வைத்துக்கொண்டாலும், அதை என்னிடம் வசூலிக்கும்படி அரசு யாரையும் நியமித்ததாக நான் அறியவில்லை.

அவசர நேரத்தில் ஓய்வு எதற்கு என்பது இன்னொரு வாதம். சரி, அவசரத்தையே பேசுவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் தண்ணீரில் நின்றபோது, ஒப்படைக்குக் கெஞ்சிக் கூத்தாடி நாள் நீடிப்பு வாங்கிக்கொண்டு உலர் உணவுப் பொதி கட்டியவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீர் வடிந்த பிறகு முகம் தெரியாதவர்களின் வீடுகளில் சேறு வழித்தேன். அப்போது நான் ஓய்வு கேட்கவில்லை. வெள்ளம் வடிந்து போன பிறகும் எல்லா நாளையும் வெள்ள நாளாகவே நடத்தினால் எந்தத் தொண்டரும் நிலைக்க மாட்டார். நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் ஒருமுறை இரத்தம் கொடுத்தால், நீங்கள் எவ்வளவு உருக்கமாகக் கையை நீட்டினாலும் நான்கு மாதம் கழியாமல் மறுபடி எடுக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் அந்த விவேகத்தை எதிர்பார்ப்பது பேராசை போலிருக்கிறது.

படத்தைப் போடாமலாவது இருந்திருக்கலாமே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. என் பக்கம், என் படம்.

அதே போயா தினத்தில் எங்கள் குழுவின் ஆண்கள் சிலர் தெஹிவளைக் கடற்கரையில் கிரிக்கெட் விளையாடிய படங்களும் முகநூலில் இருந்தன. அவற்றின் கீழே சமூகப் பொறுப்பைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை, "செம மச்சான்" என்றுதான் எழுதியிருந்தார்கள். வீட்டிலும் நிலைமை வேறில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்றுக் கால் நீட்டினால், "சும்மாதானே இருக்கிறாய், இந்தக் கீரையை ஆய்ந்து தா" என்று அம்மா சுளகை நீட்டுவார். தம்பி கால் நீட்டினால் தேநீர் வரும். அம்மாவிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் சமூக மாற்றம் பேசுகிறவர்களும் அதே சுளகோடு வருவதுதான் தாங்க முடியாமலிருக்கிறது.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். டெங்குக் காய்ச்சலோடு நான் வைத்தியசாலையில் கிடந்தபோது குழுவிலிருந்து எனக்கு வந்த ஒரே செய்தி, "தங்கச்சி, புதன் வகுப்புக்கு யாரை அனுப்புறீங்க?" என்பது. இரத்தச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) எவ்வளவில் நிற்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் செய்தியை அனுப்பியவர் யார் என்று உங்களால் ஊகிக்க முடியும்.

புதன்கிழமை வகுப்பை நான் விடப்போவதில்லை, பிள்ளைகள் என்ன பிழை செய்தார்கள்? போயா நாட்களுக்கும் எனக்குப் பரீட்சை இருக்கும் வாரங்களுக்கும் வேறு ஆள் வேண்டும் என்று குழுவின் அட்டவணையில் குறித்திருக்கிறேன். அந்தக் கட்டங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. பதிவு எழுத நேரம் கிடைத்த அண்ணா, முதலில் அவற்றில் தன் பெயரை எழுதலாம்.